கடம்பா எத்தனாவது படிக்கிறது?

“உன் கதையில வர்ற கடம்பா எத்தனாவது படிக்குதும்மா?”

காவேரியிடம் இதைக் கேட்டது ஒரு சின்னக் குழந்தையாக இருந்திருந்தால் உடனே பதில் சொல்லியிருப்பாள். பட்டினப்பாக்கத்துக் குழந்தைகள் இதைவிடக் கோணலாகக் கேட்டிருக்கின்றன. கடம்பா எந்தக் கையில் வாட்ச் கட்டும், அதற்குத் தும்மல் வந்தால் மை தெறிக்குமா என்றெல்லாம் கேட்டு அவள் உயிரை வாங்கியிருக்கின்றன. ஆனால் இதைக் கேட்டவர் முனைவர் கங்காதரன். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அடையாறில் தன் வீட்டு மாடியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தார்.

“அது கடம்பா சார்” என்றாள் காவேரி.

கடம்பா கூட இல்லை. வேறொரு கிரகத்து ஆள். பார்க்கத்தான் பத்துக் கையோடு கடம்பா மாதிரி, அதாவது கணவாய் மாதிரி, இருக்கும். இதை அவள் மனசுக்குள் சொன்னாள். மனசுக்குள் காவேரி பிரமாதமாகப் பேசுவாள். வாய் வரைக்கும் வந்தால்தான் வார்த்தைகள் வாசலில் நின்று ‘நீ முதல்ல போ, நீ முதல்ல போ’ என்று ஒன்றையொன்று உபசரித்துக்கொள்ளும். கடைசியில் ஒன்றும் வெளியே வராது.

“கடம்பாவா இருந்தா என்ன? வகுப்பு தெரியணும்” என்றார் கங்காதரன். “ஆறாவதுன்னா அது ஆறாவது பாடப் புத்தகத்துல இருக்கற அறிவியலைத்தான் பேசலாம். இங்க பாரு, மூணாம் பக்கத்துல ஒளியை விட வேகமா வந்தேங்குது. பன்னிரண்டாவது வரைக்கும் எந்தப் புத்தகத்துலயும் அப்படி இல்லையே.”

அவர் இளந்தளிர் அறிவியல் புனைகதை வளர்ச்சி மன்றத்தின் தலைவர். அறிவியல் குழுவுக்கும் அவரே தலைவர். சிறுவர்களுக்கான அறிவியல் கதைகளை வளர்ப்பதற்காக நாற்பது வருஷத்துக்கு முன் மயிலாப்பூரில் தொடங்கப்பட்ட மன்றம் அது. இதுவரை மூன்று புத்தகம் வெளியிட்டிருக்கிறது. மன்றத்தின் வரலாறு, மன்றத்தின் வெள்ளி விழா மலர், வெள்ளி விழா நடந்த விதம்.

இப்படிப்பட்ட இடத்துக்குக் காவேரி வந்து சேர்ந்ததற்குக் காரணம் அவள் அம்மா தேசம்மா. தேசம்மா பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவள். ஊரடங்கில் மூடிய பள்ளிக்கூடம் மறுபடி திறந்தபோது ஒன்பதாவதில் இருந்த காவேரி திரும்பப் போகவில்லை. வகுப்பில் எழுந்து நின்று வாய்விட்டுப் படிக்கச் சொல்வார்கள் என்கிற பயம் ஊரடங்கைவிடப் பெரிதாக இருந்தது. அதற்குப் பிறகு வீட்டில் இறால் உரிப்பாள். உரித்த கையைக் கழுவிவிட்டு ஏதாவது எழுதுவாள். எழுதியதை யாருக்கும் காட்ட மாட்டாள். குழந்தைகளுக்கு மட்டும் சாயங்காலம் படகு நிழலில் உட்கார்ந்து படித்துக் காட்டுவாள். குழந்தைகள் முன்னால் அவளுக்கு வாய் திறக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேசம்மா தன் வாடிக்கைக்காரரிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

“எம் பொண்ணு கடலு லஸ்ஸு வரிக்கும் வந்துட்ச்சின்னு கதை எழுதிக்கினு கீது சார். நீங்க படிச்சவரு. கொஞ்சம் சொல்லி நிறுத்துங்க.”

அந்த வாடிக்கைக்காரர் புலவர் ஆரோக்கியராஜ். மன்றத்தின் மொழிக் குழுத் தலைவர். எழுதுவதை நிறுத்துவதற்கு மன்றத்தைவிடப் பொருத்தமான இடம் சென்னையில் இல்லை என்பது தேசம்மாவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. புலவர் கதையை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரமே செய்தி வந்தது. மன்றத்தின் முதல் கதைப் புத்தகம் காவேரியுடையதுதான். சில சிறு திருத்தங்கள், அவ்வளவுதான்.

காவேரி அன்று இறால் உரித்ததில் பாதித் தலைகள் இறாலோடே போயின. குப்பத்துக் குழந்தைகளிடம் சொன்னாள். “கடம்பா புக்கு எப்பக்கா வரும்?” என்பதே அதற்குப் பிறகு அவர்களின் காலை வணக்கம்.

கதை இதுதான். நூறு வருஷம் கழித்துக் கடல் மயிலாப்பூர் லஸ் முனை வரைக்கும் வந்துவிட்டது. ஜனங்கள் மாடியில் குடியிருக்கிறார்கள். தூபா என்கிற பெண் லஸ்ஸிலிருந்து தி.நகருக்கு ஷேர் போட் ஓட்டுகிறாள். ஒருநாள் வழி தெரியாத ஒரு கடம்பா ஏறுகிறது. டிக்கெட் என்றதும் பத்துக் கையையும் நீட்டுகிறது. கைக்கு ஒன்று என்று தூபா பத்து டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிடுகிறாள். வழியெல்லாம் சண்டை. கடைசியில் கடம்பாவின் விண்கலம் பாண்டி பஜார் தண்ணீருக்கடியில் கிடைக்கிறது. “வர்றியா?” என்கிறது கடம்பா. தூபா படகை ஒரு லைட் கம்பத்தில் கட்டிவிட்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் குதித்துவிடுகிறாள். காலிப் படகு ஆடிக்கொண்டிருக்கிறது. முடிந்தது.

அந்தக் கடைசி இடம் வரும்போது குழந்தைகள் மூச்சு விடாது. காவேரிக்கும் அந்த இடம்தான் கதை. மீதியெல்லாம் அங்கே போவதற்கான வழிச்செலவு.

முனைவர் கங்காதரன் கடம்பாவை ஏழாவதில் சேர்த்தார். அதன் வேகத்தை ஒளிக்குக் கீழே குறைத்துச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார். கடம்பா வாயைத் திறந்த இடமெல்லாம் அடிக்குறிப்பு போட்டார். சில பக்கங்களில் மேலே ஒரு வரி கதையும் கீழே பக்கம் முழுக்க அறிவியலும் இருந்தன.

“கதை இப்பத்தான் காலூன்றி நிக்குது” என்றார்.

அடுத்தது நற்பண்புக் குழு. அதன் தலைவி சுப்புலக்ஷ்மி டீச்சர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில் வீடு. காவேரிக்குக் காபி கொடுத்து உபசரித்த பிறகுதான் பேப்பரை எடுத்தாள்.

“ஏண்டிம்மா, கடல் லஸ் வரைக்கும் வந்துடுத்துன்னா எங்காம் என்னாறது? லஸ்ஸுக்கு இந்தப் பக்கம்னா இருக்கோம்.”

“மாடிக்குப் போய்டுவீங்க டீச்சர்.”

“மாடியிலயா? தண்ணி டாங்க் பக்கத்துலயா? நேக்கு முழங்கால் வலி.” சுப்புலக்ஷ்மி டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறந்தாள். “குழந்தைகள் பயந்துக்கும். படிக்கற நேக்கே பயமா இருக்கு. கடலை எடுத்தா இருந்த எடத்துலயே வச்சுடு.”

கடல் இருந்த இடத்துக்குப் போனது. கடல் போனதும் படகுக்கு வேலை இல்லை. படகு ஆட்டோ ஆனது. தூபா சின்னப் பெண். அவளுக்கு லைசென்ஸ் கிடையாது. ஆகவே அவளைப் பின் சீட்டுக்கு மாற்றினார்கள்.

“அப்பறம் இந்தக் கடம்பா. அது சாப்பிடற வஸ்துவோன்னோ?”

“ஆமா டீச்சர். மசாலா தடவி, தவாவுல போட்டு...”

“சொல்லாதே.” டீச்சர் காபி டம்ளரைத் தள்ளி வைத்தாள். “சாப்பிடற வஸ்து பேசித்துன்னா சாப்பிடறவா மனசு கஷ்டப்படும். சாப்பிடாதவாளுக்கு அது கதைக்குள்ள வர்றதே கஷ்டம். ரெண்டு பக்கமும் பொல்லாப்பு. பேசாம ஒரு பெரியவரா மாத்திடு. வழி தெரியாத பெரியவர். குழந்தை கைய பிடிச்சு ரோடு க்ராஸ் பண்ணி விடறது. நன்னா இருக்குமே.”

கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது டீச்சரின் முகம் நிஜமாகவே வாடியது.

“யார்ட்டயும் சொல்லிக்காம போய்டறாளா? பெத்தவா தேட மாட்டாளா?”

“அதுதான் டீச்சர் கதை” என்று காவேரி சொல்லிவிட்டாள். எப்படியோ வெளியே வந்துவிட்டது.

டீச்சர் அவளைப் பரிவோடு பார்த்தாள். “தெரியறது. அதனாலதான் அதை மாத்தறோம். ஆத்துக்குப் போறா, கை கால் அலம்பிண்டு ஹோம்வொர்க் பண்றான்னு முடிச்சுக்கோ.”

காவேரி எழுந்து கிளம்பும்போது டீச்சரே ஆறுதலாக ஒன்று சொன்னாள். “கவலைப்படாதே. நாங்க என்ன திருத்தினாலும் கடைசி வார்த்தை எங்களோடது இல்ல. இளம் வாசகர் பிரதிநிதின்னு ஒருத்தர் இருக்கார். விழாவுல கதைய அவர் கையில குடுப்போம். அவர் வாயால ‘நன்று’ன்னு சொன்னாத்தான் அச்சுக்குப் போகும். சொல்லலைன்னா போகாது. விதியிலயே இருக்கு. குழந்தைகளுக்கான மன்றமோன்னோ?”

அன்று காவேரி வீட்டுக்கு மிதந்துகொண்டு போனாள். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு குழந்தை இருக்கிறது. அந்தக் குழந்தை இந்த ஆட்டோக் கதையைப் படித்துவிட்டு எப்படி ‘நன்று’ என்று சொல்லும்? குப்பத்துக் குழந்தையாக இருந்தால் பேப்பரில் மூக்கைச் சிந்திப் போட்டுவிடும். மயிலாப்பூர்க் குழந்தை சிந்தாது. ஆனால் சொல்லவும் சொல்லாது. அப்போது பழைய கதையை எடுத்து அதன் கையில் கொடுத்துவிடலாம்.

இந்தத் தெம்பில்தான் அவள் தி.நகரில் ஒரு பாத்திரக்கடை மாடியில் நடந்த மொழிக் குழுவையும் தாங்கினாள். மீன் வாங்க வரும்போது “இன்னா தேசம்மா, வவ்வாலு கீதா?” என்று கேட்கும் புலவர் ஆரோக்கியராஜ், மாடிப்படி ஏறியதும் வேறு ஆளாகிவிடுவார்.

“‘இன்னாத்துக்கு’ என்று ஒரு சிறுமி வினவுகிறாள். இளம் நெஞ்சங்களில் இச்சொல் நஞ்சல்லவா? ‘யாது கருதி’ என்று திருத்தியுள்ளேன்.”

“பசங்க அப்டி பேசாது சார்.”

“பேசாமையால்தான் எழுதுகிறோம்.” புலவர் பெருமூச்சு விட்டார். “எல்லாம் முடிந்தது. ‘ஆட்டோ’ ஒன்றுதான் நிற்கிறது. தானி என்பதா, மூவுருளி என்பதா? நான் மூன்று இரவாக உறங்கவில்லை.”

திருத்தங்களெல்லாம் ஒன்று சேர்ந்து அடையாறுக்குத் திரும்பி வந்தபோது கதை இப்படி இருந்தது: வழி தெரியாத ஓய்வு பெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவர் லஸ்ஸில் ஏறுகிறார். உடன் வரும் மாணவிக்கு அடையாறு வரைக்கும் ஈர்ப்பு விசையை விளக்குகிறார். மாணவி நன்றி கூறி வீட்டுக்குப் போய்ப் பாடம் எழுதுகிறாள்.

கங்காதரன் படித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“எல்லாத்தையும் விட இந்தப் பேராசிரியர் பாத்திரம்மா. எவ்வளவு இயல்பா வந்திருக்கு. எப்படிம்மா யோசிச்ச?”

முன்னூறு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் போகிறோம் என்றார். அட்டையில் காவேரியின் பெயர், பின்னட்டையில் போட்டோ. பட்டினப்பாக்கத்துப் பள்ளிக்கே முதல் பிரதி.

ராத்திரிச் சோற்றைப் பிசைந்துகொண்டே காவேரி அம்மாவிடம் சொன்னாள். “எம்மா, அந்தக் கதை என் பேர் போட்டு வந்துடும்மா.”

“வரட்டுமே. இன்னா இப்ப?”

“அதுல கடம்பா இல்லம்மா. கடலே இல்ல. பசங்க என்னிய என்னான்னு நெனைக்கும்?”

தேசம்மா குழம்பை ஊற்றினாள். “வேணான்னு சொல்லேன். சங்கரா கேட்டு வந்தவங்கிட்ட மத்தி மீனத் தள்ளுனா வாங்கிக்கினா போறான்? மூஞ்சிக்கு நேரா வேணான்றான் இல்ல?”

“வாயில வரலம்மா.”

“எழுதறதுக்கு மட்டும் கை வருது” என்றாள் தேசம்மா. பிறகு குழம்புச் சட்டியை மூடிவிட்டு, “அந்தக் கொய்ந்த சொல்லும்னு சொன்னியே. அது நல்ல கொய்ந்தையா கீதான்னு பாரு” என்றாள்.

விழா அன்று மன்றத்தின் மாடி ஹாலில் சாமந்திச் சரமும் சர்பத்துமாக ஏகப்பட்ட ஏற்பாடு. காவேரியை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மேடையில் பெரியவர்களுக்கு நாற்காலிகள். அவற்றுக்கு நடுவில், முழங்கால் உயரத்தில், கிளி படம் வரைந்த ஒரு குட்டி மரநாற்காலி. பக்கத்தில் மூடி போட்ட பாதாம் பால் டம்ளர். காவேரி அந்தக் குட்டி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது கோயில் கருவறை மாதிரி தெரிந்தது.

“தம்பி வந்தாச்சா?” என்றார் கங்காதரன்.

“வந்துட்டேன் மாமா” என்று ஒரு குரல் கேட்டது.

வழுக்கைத் தலையும் நரைத்த மீசையுமாக, இன்ஷூரன்ஸ் ஆபீஸ் அடையாள அட்டை கழுத்தில் தொங்க, ஒருவர் மேடை ஏறினார். குட்டி நாற்காலியில் பழகிய லாவகத்தோடு தம்மை இறக்கினார். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

காவேரி பக்கத்திலிருந்த சுப்புலக்ஷ்மி டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள்.

“சுப்பராமன். மன்றம் ஆரம்பிச்சவரோட பிள்ளை” என்றாள் டீச்சர் பெருமையாக. “பதினோரு வயசுல பிரதிநிதி ஆனான். இன்னிக்கு வரைக்கும் ஒரு கூட்டம் தவறினதில்ல. அவன் பொண்ணே காலேஜ் முடிச்சுட்டா.”

“வேற... சின்னப் பிள்ளைங்க?”

“விதி அப்படி. இளம் வாசகர் தானே ‘நான் வளர்ந்துட்டேன்’னு சொன்னாத்தான் வேற குழந்தைய போட முடியும். வருஷா வருஷம் கேக்கறோமே.”

அப்போதே கேட்டார்கள். கங்காதரன் எழுந்து, சம்பிரதாயப்படி குனிந்து, “தம்பி, வளர்ந்துட்டியா?” என்றார்.

“இன்னும் இல்ல மாமா” என்றார் சுப்பராமன்.

சபை கைதட்டியது. சுப்பராமன் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. வளர்ந்துவிட்டால் பெரியவர்கள் வரிசையில் சேர்ந்து சொற்பொழிவு ஆற்ற வேண்டும். அதைவிடப் பாதாம் பால் மேல் என்று பதினெட்டு வயதில் முடிவு செய்தவர், அப்புறம் அதை மறுபரிசீலனை செய்யவில்லை.

“தம்பி, போன்” என்றாள் டீச்சர். சிறுவர்கள் கூட்டத்தில் கைபேசி வைத்திருக்கக் கூடாது. சுப்பராமன் கொடுத்தார். டீச்சர் அதை வாசலில் இருந்த பிரம்புக் கூடையில் போட்டாள்.

பிறகு தட்டு வந்தது. வெள்ளித் தட்டில் பட்டுத் துணி சுற்றிய கதை. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ‘நன்று’ என்று சொல்வதுதான் பிரதிநிதியின் வேலை. உள்ளே என்ன இருக்கிறது என்பதை யாரும் பொருட்படுத்தியதில்லை. போன தடவை ஒத்திகையின்போது பழைய பஞ்சாங்கத்தைச் சுற்றி வைத்திருந்தார்கள். இந்தத் தடவை திருத்திய கதையே இருந்திருக்கும். ஆனால் கங்காதரன் படித்ததும் புலவர் அதைத் திரும்ப வாங்கிப் போய், தானிக்கும் மூவுருளிக்கும் நடுவில் இன்னும் அல்லாடிக்கொண்டிருந்ததால் அது தி.நகரைவிட்டுக் கிளம்பவில்லை. கனம் வேண்டுமே என்று காவேரி முதலில் கொடுத்த பேப்பர்களையே சுற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள்.

இது காவேரிக்குத் தெரியாது. அவள் ஆட்டோக் கதை போகிறது என்று தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எழுத்தாளர் ரெண்டு வார்த்தை பேசுவார்” என்றார்கள்.

காவேரி மைக் முன்னால் நின்றாள். கால் இரண்டும் வகுப்பறைக் காலாகிவிட்டன. அம்மாவையும் சங்கராவையும் மத்தியையும் நினைத்துக்கொண்டாள்.

“இது என் கதை இல்ல சார். வேணாம்” என்றாள்.

சொல்லியேவிட்டாள். மைக்கைத்தான் யாரும் போடவில்லை. உதடு அசைந்ததைப் பார்த்துச் சபை கைதட்டியது. “என்ன அடக்கம்” என்றார் புலவர்.

பிறகு கங்காதரன் பேசத் தொடங்கினார். அவருக்கு மைக் போட்டார்கள்.

“இன்றைய குழந்தைகள் படிப்பதில்லை. ஆனால் நாம் மனம் தளரவில்லை. அவர்கள் படிக்காவிட்டாலும் அவர்களுக்காக நாம் கூடினோம், விவாதித்தோம், குழுக்கள் அமைத்தோம். ஒன்று மட்டும் நெஞ்சில் கை வைத்துச் சொல்வேன். இந்த நாற்பது ஆண்டுகளில், நம் மன்றத்தின் புத்தகத்தைப் படித்து ஒரு குழந்தையாவது கெட்டுப்போனது என்று ஒரு புகார் உண்டா?”

இல்லை என்றது சபை.

“கற்பனை தேவைதான். ஆனால் கற்பனை நமக்குத் தெரிந்ததாக இருக்க வேண்டும்...”

பேச்சு ஐசக் நியூட்டனின் பிறப்பிலிருந்து புறப்பட்டது. சுப்பராமன் பாதாம் பாலைக் குடித்து முடித்தார். போனைத் தேடிச் சட்டைப்பையைத் தடவினார், இல்லை. மின்விசிறியைப் பார்த்தார். சாமந்திச் சரத்தைப் பார்த்தார். நியூட்டன் பள்ளிக்கூடம் சேர்ந்தபோது, வேறு வழியில்லாமல், மடியிலிருந்த பட்டுத் துணியின் முடிச்சை அவிழ்த்தார்.

காவேரி அதைப் பார்த்தாள். மேலே இருந்த பேப்பரின் மூலையில் இறால் ஈரம் பட்டுச் சுருங்கிய கறை தெரிந்தது. அந்தக் கறை அவளுக்குத் தெரிந்த கறை.

சுப்பராமன் முதலில் ஒரு வரியைச் சும்மா பார்த்தார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பக்கத்தைத் திருப்பினார். நியூட்டன் தலையில் ஆப்பிள் விழுவதற்கும் சுப்பராமன் சிரிப்பதற்கும் சரியாக இருந்தது.

கங்காதரன் திரும்பிப் பார்த்தார். அந்த ஆப்பிளுக்கு இதுவரை யாரும் சிரித்ததில்லை. பெருமையாக அதை இன்னொரு தடவை விழ வைத்தார்.

பத்து டிக்கெட்டு, என்று காவேரி மனசுக்குள் சொன்னாள். அந்த இடம்தான்.

அதற்குப் பிறகு சுப்பராமன் ஹாலில் இல்லை. உதடு அசைய, முழங்கால் ஆட, ஒரு கையால் காலி டம்ளரை எடுத்துக் குடித்துக் கீழே வைத்தார். லைட் கம்பம் வரும் பக்கத்தில் ஆட்டம் நின்றது. காவேரிக்கும் மூச்சு நின்றது.

“...ஆகவே” என்று கங்காதரன் முடித்துவிட்டுக் குனிந்தார். “தம்பி, நன்று சொல்லுப்பா.”

சுப்பராமன் கடைசிப் பக்கத்தின் பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

“தம்பி?”

சுப்பராமன் எழுந்தார். குட்டி நாற்காலியும் இடுப்போடு கூடவே எழுந்தது. அதைக் கழற்றி, கிளி முன்னால் தெரியும்படி, தரையில் ஒழுங்காக வைத்தார். பேப்பர்களை அடுக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பட்டுத் துணி மேடையில் கிடந்தது.

“நன்று சொல்லாம எங்கடா போற?” என்றாள் சுப்புலக்ஷ்மி டீச்சர். “நீ சொல்லலைன்னா எப்படி அச்சுக்குப் போறது?”

சுப்பராமன் மேடையைவிட்டு இறங்கினார். முன்வரிசையில் காவேரிக்கு எதிரே வந்ததும் நின்றார். பேப்பர் விழாமல் கக்கத்தை இறுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் அவள் முன்னால் நீட்டி, பத்து விரலையும் விரித்தார்.

காவேரிக்கு வாசலில் எந்த வார்த்தையும் தடுக்கவில்லை.

“பத்து டிக்கெட்டா சார்?”

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

“தம்பி” என்றார் கங்காதரன் மைக்கில். குரல் ஹால் முழுக்க எதிரொலித்தது. “என்னப்பா இது? வளர்ந்துட்டியா?”

வாசலில் பிரம்புக் கூடைக்குள் போன் அடித்துக்கொண்டிருந்தது. சுப்பராமன் அதை எடுக்கவில்லை. படியில் செருப்புச் சத்தம் ஒவ்வொன்றாகக் கீழே போனது.